மூன்று முறை ‘செட்டல்’

ஒர்க்‌ஷாப் தம்பிகளுக்கும், போன மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கிற அந்தத் தங்கச்சிக்கும்,

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. உங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே நீங்கள் போடுவதையெல்லாம் ரிங்லெட் டவுனில் என் வீட்டில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிறந்தநாள் கேக், மீன் பிடித்த படம், காலை வணக்கம், எல்லாம் சரி. போன செவ்வாய்க்கிழமை உங்களில் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தொட்டியின் காற்றாடி வயரைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். கறுப்பு டேப் ஒரு விரல் தடிமனுக்குச் சுற்றியிருந்தது. கீழே இரண்டு சொல்: ‘செட்டல் பாஸ்’. அதற்கு ஒன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தீர்கள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதியவர்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி உங்கள் சூப்பர்வைசர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுதினால் நல்லவிதமாக எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். இப்போது நல்லவிதமாக எழுதும் எண்ணம் இல்லை. அந்தப் படத்தைப் போட்டவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. அவரை விடப் பெரிய குற்றவாளி இதை எழுதுகிற நான்தான்.

நம் ஊரில் ‘செட்டல்’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். கல்யாணப் பேச்சு முடிந்தாலும் செட்டல், பக்கத்து வீட்டுச் சண்டை ஓய்ந்தாலும் செட்டல், பஞ்சர் ஒட்டினாலும் செட்டல். நம் ஒர்க்‌ஷாப் ரிப்போர்ட் புத்தகத்தில் கடைசிக் கட்டம் முழுக்க அந்த ஒரே சொல்தான். என்ன கோளாறு, ஏன் வந்தது, என்ன செய்தோம், ஒன்றும் இருக்காது. நின்றது ஓடுகிறது, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் அப்படித்தான் நானும் எழுதினேன். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும்.

சாலை சரிந்த வருடத்தை உங்களில் பழையவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அணை ஏரியின் ஒரு கை நம் தோட்டத்துக்குள் நீண்டு கிடக்கிறதே, அதற்கு அக்கரையில் இருக்கிற மலைக்குப் போகும் மண்சாலை மழையில் அப்படியே இறங்கிவிட்டது. சாலை போடும்வரை கொழுந்து வீணாகக் கூடாது என்று தோட்டத்தை நிர்வகித்த துரை ஒரு பழைய அலுமினியப் படகை வாங்கினார். பின்னால் மாட்டுகிற மோட்டார், ஒரு பேட்டரி, நடுவில் ஒரு பலகை இருக்கை. காலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் அவர்களையும் கொழுந்து மூட்டைகளையும் கொண்டுவரும்.

படகை ஓட்ட சின்னையாவைப் போட்டார்கள். ஆற்றங்கரைக்காரர் மாதிரி தண்ணீர் பழகிய ஆள். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர், அதை மறைக்க வேண்டியதில்லை. நான்கு வருடத்துக்கு முன் கோயிலில் வைத்து மனைவியின் கையைப் பிடித்து, குடியை விட்டேன் என்றார், விட்டார். தோட்டத்தில் அதை நம்பியவர்கள் குறைவு. நான் நம்பினேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான்தான் ஃபோர்மன், படகுக்கு வயர் இழுத்ததும் நான். பனி இறங்கினால் எதிரே எதுவும் தெரியாது என்பதால் ஒரு விளக்கும் ஹார்னும் வேண்டும். மோட்டாரில் நிறுத்துகிற பொத்தான் பின்னால் ஓட்டுபவர் பக்கம் இருந்தது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் முன்னால் இருப்பவரும் நிறுத்த முடிய வேண்டும், அங்கே ஒரு சுவிட்ச் போடுங்கள் என்றார் துரை. நல்ல யோசனைதான். நான் செய்த விதம்தான் கேவலம்.

நான் லாரி ரிப்பேரில் பழகியவன். லாரியில் விளக்குக்கு ஒரு வயர் போனால் போதும். திரும்ப வேண்டிய கரண்ட் வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே பேட்டரிக்கு வந்துவிடும். ‘பாடில அடிச்சு விடு’ என்போமே, அதுதான். வயர் மிச்சம், வேலை சுலபம். படகும் உலோகம்தானே என்று பேட்டரியின் நெகட்டிவை அலுமினிய உடம்பில் அடித்தேன். முன்பக்கச் சுவிட்சுக்கும் இரண்டு வயருக்குப் பதில் ஒரே வயர், நடு இருக்கையின் அடியில். அந்த மோட்டாரை நிறுத்துவது எப்படி என்றால், நிறுத்தும் வயர் பாடியைத் தொட வேண்டும். தொட்டால் நிற்கும். அதாவது, அந்த வயர் எங்கே உரிந்து எங்கே தொட்டாலும் மோட்டார் நிற்கும்படி முழுப் படகையும் ஒரு சுவிட்ச் ஆக்கிவைத்தேன். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்ததில் பெருமை வேறு.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் சின்னையா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

“அண்ணே, நடு ஏரில பட்டுன்னு நின்னுருச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சுச் சாவியத் திருப்புனா எடுத்துக்குது. என்னான்னு தெரியல.”

படகுத் துறைக்குப் போனேன். காலிப் படகு. சாவியைத் திருப்பியதும் மோட்டார் எடுத்தது. அரை மணி நேரம் ஓடவிட்டேன், நிற்கவில்லை. பேட்டரி முனைகளைத் துடைத்து இறுக்கினேன். புத்தகத்தில் ‘செட்டல்’.

பத்து நாளில் இரண்டாவது தடவை. இந்த முறை பிளக் மாற்றினேன், எண்ணெய் வடிகட்டியைக் கழுவினேன், மீட்டரை வைத்து ஒவ்வொரு வயரும் அறுந்திருக்கிறதா என்று பார்த்தேன். எதுவும் அறுந்திருக்கவில்லை. லாரியில் வண்டி நின்றால் ஒரு வயர் அறுந்திருக்கும், அல்லது கழன்றிருக்கும். ஆகவே நான் அறுந்ததைத் தேடிக்கொண்டிருந்தேன். இங்கே கோளாறு தொடக் கூடாதது தொட்டதில் இருந்தது. அந்தப் பக்கம் என் புத்தி போகவே இல்லை.

நான் கருவிகளை எடுத்து வைக்கும்போது லெட்சுமி வந்து நின்றார். அக்கரை மலைப் பெண்களுக்கு அவர்தான் வேலையை மேற்பார்க்கிற கங்காணி.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க ஏறினாத்தான் நிக்குது. மூட்டை மட்டும் ஏத்திக்கிட்டு வந்தப்ப ஒரு நாளும் நிக்கல.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ஏம்மா, ஆளு எது, மூட்டை எதுன்னு மோட்டாருக்குத் தெரியுமா? நீங்க கொழுந்தப் பாருங்க லா, நான் வயரப் பாத்துக்கிறேன்.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். லெட்சுமி சிரிக்கவில்லை. நான் புத்தகத்தைத் திறந்து ‘செட்டல்’ என்று எழுதினேன்.

தினமும் இரண்டு முறை அந்தப் படகில் போய் வருகிற ஒருவர், மோட்டார் எப்போது நிற்கிறது, எப்போது நிற்பதில்லை என்று கவனித்து என் காலடியில் கொண்டுவந்து வைத்தார். என் மீட்டர் சொல்லாததை அவர் சொன்னார். நான் அவரை நக்கல் செய்து அனுப்பினேன். என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி இந்த இடத்துக்குத்தான்.

மூன்றாவது தடவை மழை. நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது, காற்று வேறு. படகில் ஏழு பெண்கள், சின்னையா. நடு ஏரியில் மோட்டார் நின்றது. காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய் ஏரி ஓரத்தில் தேங்கிக் கிடந்த மரக்கட்டைகள் மேல் மோதவிட்டது. ஒரு பெண் தண்ணீரில் விழுந்தார். லைஃப் ஜாக்கெட் இருந்தும் கட்டைகளுக்கு அடியில் சிக்கிக்கொண்டார். சின்னையா குதித்துத்தான் அவரை இழுத்து எடுத்தார். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்தார்.

மோதிய பயத்தில் எல்லாரும் எழுந்து நின்றதும் மோட்டார் உடனே எடுத்துக்கொண்டதாம். இதை எனக்குச் சொன்னார்கள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலிப் படகை ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. மூன்றாவது ‘செட்டல்’.

இரண்டு நாள் கழித்து ஆபீசில் விசாரணை. துரை மேசைக்குப் பின்னால், ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பக்கத்தில் எழுதிக்கொண்டு, சின்னையா கதவோரம் நின்றுகொண்டு. எனக்கு நாற்காலி போட்டார்கள். துரை நேராகக் கேட்டார்.

“ஃபோர்மன், போட்ல கோளாறு இருக்கா இல்லையா?”

“இல்ல துரை. மூணு தடவையும் பாத்துட்டேன். எல்லாம் செட்டல்.”

“அப்ப ஏன் நிக்குது?”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ‘தெரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். நம் தொழிலில் அந்தச் சொல்லைச் சொல்ல ஏன் இவ்வளவு வெட்கம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னது இது.

“ஓட்டுற ஆளத்தான் கேக்கணும் துரை.”

அவ்வளவுதான். குடித்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, மிச்சத்தை அறையில் இருந்தவர்களே முடித்துக்கொண்டார்கள். விபத்தன்று ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் நின்ற மனிதரை ஊதச் சொல்லி யாரும் சோதிக்கவில்லை. பழைய பேர் ஒன்று இருந்தது, அது போதுமாக இருந்தது. சின்னையா துரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“அண்ணே, நான் தொடலண்ணே. நாலு வருசம் ஆச்சு. ஒங்களுக்குத் தெரியும்ல.”

எனக்குத் தெரியும். நான் ரிப்போர்ட் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை போனது. தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டையும் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அவர் ஒரு மாதம் இருக்கவில்லை. ஒரே வாரத்தில் மனைவி பரமேஸ்வரியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கம்போங் ராஜா என்கிற ஊருக்குப் போய் ஒரு காய்கறித் தோட்டத்தில் சேர்ந்துவிட்டார். லாரியில் சாமான் ஏற்றும்போது நான் தொழிற்சாலைக்குள் இருந்தேன். வேலை இருந்ததால் அல்ல.

அவருக்குப் பதிலாக வந்தவர் வாரத்துக்கு மூன்று நாள் விரதம் இருக்கிற ஆள். பீர் புட்டியைக் கையால் தொட்டிருக்க மாட்டார். ஒன்பதாம் நாள் நடு ஏரியில் மோட்டார் நின்றது.

மறுநாள் காலை லெட்சுமி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“அண்ணே, இவரும் குடிச்சிருக்காரா?”

செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டு வாசலுக்கு வந்தேன்.

“வாங்க தொறைக்கு. படகக் கட்டிப் போட்டுட்டு மோட்டாரப் போடுங்க. நாங்க ஒவ்வொருத்தரா ஏறி ஒக்காருறோம். நீங்க அடியில குனிஞ்சு பாருங்க. அவ்ளோதான் நான் கேக்குறது.”

போனேன். படகைக் கம்பத்தில் கட்டி மோட்டாரை ஓடவிட்டேன். நான் நடு இருக்கையின் அடியில் தலையைக் கொடுத்துப் படுத்துக்கொண்டேன். ஒருவர் ஏறி உட்கார்ந்தார். இரண்டாமவர். மூன்றாமவர். நான்காமவர் உட்கார்ந்ததும் பலகை கொஞ்சம் வளைந்தது. என் மூக்குக்கு நேரே, இருக்கையைத் தாங்குகிற தகட்டின் விளிம்பு, நான் இழுத்த மஞ்சள் வயரின் மேல் இறங்கியது. வயரின் தோல் அந்த இடத்தில் தேய்ந்து செம்பு பளபளத்தது. மோட்டார் பட்டென்று நின்றது.

“எந்திரிங்கம்மா,” என்றேன். எழுந்தார்கள். புதிதாக வந்த ஓட்டுநரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். எடுத்தது. “ஒக்காருங்க.” நின்றது.

மூன்று முறை அப்படிச் செய்து பார்த்தேன். மூட்டைகளை எப்போதும் முன்னாலும் பின்னாலும் தரையில்தான் போடுவார்கள். இருக்கையில் உட்காருவது ஆட்கள் மட்டும். ஆள் எது, மூட்டை எது என்று அந்த மோட்டாருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. நான் இரண்டு வயர் இழுத்து, பாடியில் அடிக்காமல் விட்டிருந்தால், அந்த வயர் எத்தனை தேய்ந்து தகட்டைத் தொட்டாலும் மோட்டார் பாட்டுக்கு ஓடியிருக்கும்.

அடியிலிருந்து எழுந்தபோது லெட்சுமி என் முகத்தைப் பார்த்தார். பெண்களை இறங்கச் சொல்லிவிட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டார்.

தம்பிகளே, உங்கள் காற்றாடிக்கு வருகிறேன். அந்தத் தொட்டிப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பவர் யார்? அவரிடம் யாராவது போய், இது எப்போது நிற்கிறது, நிற்கும்போது வேறு எந்த மெஷின் ஓடுகிறது, தரை ஈரமாக இருக்கிறதா என்று கேட்டீர்களா? வயர் ஏன் உரிந்தது என்று பார்த்தீர்களா? கேட்கவில்லை, பார்க்கவில்லை. டேப்பைச் சுற்றிப் படம் எடுத்தீர்கள். யாரும் இல்லாதபோது ஓட்டிப் பார்த்து, யாரும் இல்லாதபோது நன்றாக ஓடுகிறது என்று எழுதுவது நமக்குக் கைவந்த கலை. அந்த மெஷின் அடுத்த முறை நிற்கும்போது மேலே இருப்பவர்கள் வயரைக் கேட்க மாட்டார்கள். அதன் பக்கத்தில் நின்ற ஆளைக் கேட்பார்கள். அவரிடம் உங்கள் புத்தகத்துக்கு எதிராகக் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

அன்று மத்தியானமே அந்த வயரை அறுத்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். துரையின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப ரிப்பேர் பண்ணியாச்சா?”

“பண்ணிட்டேன் துரை. புதுசா ரெண்டு வயர் இழுத்துட்டேன். அது இல்ல விசயம். சின்னையாவத் திரும்பக் கூப்புடணும்.”

“ஃபோர்மன், அது செட்டல் ஆன கேஸ் லா. லெட்டர் போயிருச்சு, வேற ஆளு வந்தாச்சு. இப்பப் போய்க் கிளறினா யாருக்கு நல்லது?”

நான் கத்தினேன். வெளியே கிராணி எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். துரை கத்தவில்லை. அலமாரியிலிருந்து ஒர்க்‌ஷாப் புத்தகத்தின் நகலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று வரி. மூன்றிலும் என் கையெழுத்து.

“நீங்கதானே எழுதினீங்க,” என்றார்.

அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தப்பு தெரிந்த பிறகும் ஒரு குடும்பத்தைத் திரும்ப அழைக்காதது அவர் செய்த அநியாயம். ஆனால் அதற்கு அவருக்குச் சாட்சி எழுதிக் கொடுத்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கம்போங் ராஜாவுக்குப் போனேன். சின்னையா பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இப்ப ஓடுதாண்ணே?”

“ஓடுது.”

“அப்புறம் யாரும் விழலயே?”

“இல்ல.”

“நல்லதாப் போச்சு.” நட்ட குச்சியை அசைத்துப் பார்த்தார். “எங்கிட்ட ஏண்ணே சொல்றீங்க? நான் குடிக்கலன்னுதான் எனக்குத் தெரியுமே. வீட்ல இருக்கா. அவகிட்டப் போயிச் சொல்லுங்க.”

தோட்டத்து ஓரத்தில் தகர வீடு. பரமேஸ்வரி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு சட்டையையே மடித்துக்கொண்டிருந்தார்.

“போட் நின்ன அந்த மூணு நாளும் அவரு வாய மோந்து பாத்தேண்ணே,” என்றார். “வாசன இல்ல. வாசன வராத சரக்கா இருக்கும்னு நெனச்சேன். புருசன் பொய் சொல்வாரு. ஃபோர்மன் ஏன் பொய் சொல்லப் போறாருன்னு நெனச்சேன்.”

தண்ணீர்க் குவளையைத் தரையில் வைத்தேன்.

“அவரோட நான் சரியாப் பேசி எத்தன நாளாச்சு தெரியுமா? மக பேசவே இல்ல.” உள்ளே போய் மகளின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். “எழுதிக் குடுங்க. அவ வந்தா படிக்கட்டும்.”

எழுதினேன். கோளாறு வயரில் இருந்தது. அந்த வயரை இழுத்தது நான். படகு நின்ற மூன்று முறையும் சின்னையா குடிக்கவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்காமலே சரியாகிவிட்டது என்று எழுதியது நான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பரமேஸ்வரி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினார்.

“தேதி போடல.”

அன்றைய தேதியை எழுதினேன்.

“இது இல்லண்ணே. நின்ன மூணு நாளோட தேதி.”

யோசித்துப் பார்த்தேன். புத்தகத்தில் என் கையால் எழுதியவைதான். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

“எழுதுங்க,” என்றார் பரமேஸ்வரி. மூன்று தேதியையும், அவை என்ன கிழமை என்பதையும், நிறுத்தாமல் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.